பீரோவில் பூட்டிய பொதுப் பத்தி

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபத்தில் சிவப்புப் பேனாவின் முனை உடைந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணின் தாள் அது. பாடத்தில் உள்ள இங்கிலீஷ் கவிதை ஒன்றைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தோம். அழகான கையெழுத்தில், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருந்தாள். 'இந்தக் கவிதையின் தலைப்பு' என்று இங்கிலீஷில் எழுதி, அதற்குப் பின்னால் ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு கோடு. 'இதை எழுதிய கவிஞர்' என்று எழுதி, இன்னொரு கோடு.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது எங்கள் பக்கத்து வாத்தியார்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மார்க் குறைவாக எடுக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன கைடு கொடுப்போம். அதில் 'பொதுப் பத்தி' என்று ஒன்று இருக்கும். எந்தக் கவிதையைக் கேட்டாலும் அதையே எழுதலாம். தலைப்பு வருகிற இடத்தில் கோடு போட்டு விட்டிருப்பார்கள். அங்கே மட்டும் அந்தந்தக் கவிதையின் பெயரை நிரப்ப வேண்டும். இவளுக்கு அந்தக் கோடும் பாடம்தான். பார்த்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, இந்தக் கோடு எதுக்கு?"

"அப்படித்தான டீச்சர் புத்தகத்துல இருக்கு?"

"மேல எழுதினதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமும் எழுதணுமா டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் மேல் கோபமே வரவில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து ஒரு வார்த்தையும் புரியாமல் அவ்வளவையும் மண்டையில் ஏற்றியிருக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றே கடைசி வரிசைப் பிள்ளைகளிடமிருந்து கைடுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான்; ஆனால் தேர்ச்சி விகிதம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும்.

"டீச்சர், பரீட்சைய வச்சுக்கிட்டு விஷப்பரீட்சை பண்றீங்களே. பாஸ் மார்க்குக்கு மனப்பாடம் போதும். இந்தப் பிள்ளைக சொந்தமா எழுதி என்னைக்குப் பாஸாக?"

"சொந்தமா எழுதச் சொல்லி என்னைக்குக் கேட்டோம் சார்?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பக்கத்து அறையில் பேச்சு நின்றுபோனது.

மறுநாளே அந்தப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கருவேல மரத்தை எரித்து எடுக்கும் கரியை மூட்டை மூட்டையாக ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோவார். சட்டையெல்லாம் கரி. வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"கைடப் புடுங்கி வச்சுக்கிட்டீகளாமே டீச்சர்?"

"ஆமாங்க. அத வச்சு அவளுக்கு ஒண்ணும் ஆகல."

"எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒண்ணுதான் தெரியும். பாஸாயிட்டா மேக்கொண்டு படிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஃபெயிலாயிட்டா வீட்டுல சும்மா வச்சிருக்க முடியாது. மில்லுக்கு ஆளு ஏத்துற வேனு எங்க ஊரு வழியாத்தான் போகுது. வேன்காரன்ட்ட பேரு குடுத்து வச்சிருக்கேன். ஏதாச்சும் ஆனா அது ஒங்க பொறுப்புதான்."

அவர் போன பிறகு மார்க் நோட்டைப் புரட்டினேன். மற்ற பாடங்களில் அந்தப் பெண் எப்படியும் கரையேறிவிடுவாள். இங்கிலீஷ் ஒன்றுதான் இழுபறி. அந்த வேன் எனக்குத் தெரிந்த வேன்தான். காலையில் என் பஸ்ஸுக்கு எதிரே வரும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். தறி ஓடும் தெருவில் பிறந்தவள் நான். தமிழை எனக்கு யாரும் ஒப்பிக்கச் சொல்லித் தரவில்லை. கடைக்கு அனுப்பினார்கள், பேசினால்தான் சாமான் கிடைக்கும், பேசினேன். தப்பாகப் பேசியபோது கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் சாமானைக் கொடுத்தார். பி.எட். படிப்பில் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தக் கடைக்காரர் நினைவுதான் பரீட்சை வரையிலான மூன்று மாதமும் எனக்குத் துணை.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் கைடும் இல்லை, பாடமும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததை மூன்று வாக்கியம் இங்கிலீஷில் எழுத வேண்டும். நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். வார்த்தை தெரியாவிட்டால் தமிழில் கேட்கலாம், போர்டில் எழுதிப் போடுவேன். முதல் நாள் அத்தனை பேரும் பல் விளக்கினார்கள், இட்லி தின்றார்கள். "ஏன்டா, இந்த ஊருல வேற ஒண்ணுமே நடக்கலையா?" என்று கத்தினேன். ஒரு வாரம் கழித்துத்தான் பஸ் வராதது, ஆடு தொலைந்தது, அம்மா அடித்தது எல்லாம் தாளுக்கு வந்தன. திருத்தும்போது ஒருநாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும்தான் தொட்டேன். தாள் முழுக்கச் சிவப்பாக்கினால் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடும்.

கடிதத்துக்கும் மனப்பாடம் கிடையாது. யாருக்கு எழுதுகிறாய், என்ன வேண்டும், ஏன் வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் கடிதம் முடிந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. கேள்வி கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ படபடவென்று பேசுகிற வாய். பிள்ளை யோசிப்பதற்குள் நானே பதிலைச் சொல்லிப் பழகியவள். நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பெண் ஜன்னலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள். வகுப்பே நெளியும். நான் நகர மாட்டேன். கடைசியில் ஒரு வார்த்தை வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்.

திருப்புதல் தேர்வில் அவள் பாஸாகவில்லை. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஃபெயில் ஃபெயில்தானே? தலைமையாசிரியர் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்று பீரோச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், வீம்புதான்.

இங்கிலீஷ் பரீட்சை அன்று எனக்கு ஹால் டூட்டி இல்லை. திருச்சுழியில் பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, டீக்கடைப் பந்தலில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்கிய டீ ஆறிப் பாலாடை கட்டியது. மணி அடித்ததும் வேறு பள்ளிப் பையன்கள் கூச்சலோடு முதலில் வந்தார்கள். ஒருவன் கேள்வித்தாளை விசிறிக்கொண்டே சொன்னான்: "ஏலே, கைடுல இருந்த லெட்டரே வந்துருச்சுலே! அப்பாகிட்ட டூர் போக பர்மிஷன் கேக்குறது! அலுங்காம எழுதிட்டேன்!"

அவனிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தேன். அதேதான். நான் பீரோவில் பூட்டி வைத்த கைடின் முதல் கடிதம். மனப்பாடம் செய்திருந்தால் முழு மார்க்.

திரும்பினால் லோடு ஆட்டோ நிற்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா இறங்கி நேராக என்னிடம் வந்தார். அவர் காதிலும் விழுந்திருந்தது.

"அதே லெட்டரு வந்துருக்காமே டீச்சர்? அந்தப் பய சொல்றான்."

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எம்மக என்னத்த எழுதிருப்பா?"

அதற்குள் அவளே வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. அவர் கேட்பதற்கு முன் நான் கேட்டேன். "லெட்டர் எழுதுனியா?"

"எழுதுனேன் டீச்சர்."

"என்ன எழுதுன?"

சட்டென்று வகுப்பில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். "மை டியர் ஃபாதர். ஐ வாண்ட் டு கோ ஆன் டூர். ஐ டிட் நாட் சா தி ஸீ. மை ஃபிரெண்ட்ஸ் ஆர் கோயிங்." ஒரு பிழை காதில் விழுந்து என் நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன். அவள் எச்சில் விழுங்கினாள். "ஐ வில் கம் பேக் அண்ட் ஸ்டடி. ப்ளீஸ் டோண்ட் சென்ட் மீ இன் தி வேன்."

அவருக்குக் கடைசி வார்த்தை மட்டும் புரிந்துவிட்டது.

"வேனா? வேனப் பத்தி என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். "அவளையே கேளுங்க."

மகளைப் பார்த்தார். "தமிழ்ல சொல்லுத்தா."

அவள் ரோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். ஒரு டவுன் பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. அவரும் அவசரப்படவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

"என்னைய வேன்ல ஏத்தி விட்டுராதீகப்பா" என்றாள். "எனக்குப் படிக்கணும்."

"இத வீட்டுல சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டிலிருந்த கரி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஃபோனை எடுத்து, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நம்பரைத் தேடினார்.

"ஏலே, நாந்தான். எம்மக பேர எடுத்துரு… ரிசல்ட்டு வரட்டும்னு சொன்னேன்தான். இப்ப வேணாங்கிறேன்… ஃபெயிலானா என்ன, திருப்பி எழுதுவா. ஃபோன வச்சிரு."