ஆணி அடித்த கட்டில்

என் மகள் பதுளையில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் பேத்திக்கென்று ஓர் அறை இருக்கிறது. அறை என்று சொன்னால் மற்ற அறைகள் கோபித்துக்கொள்ளும், அவ்வளவு சின்னது. போன மாதம் அதில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் உடுப்பு வைக்க இழுப்பறை, தலைமாட்டில் புத்தகத் தட்டு, கால்மாட்டில் பள்ளிக்கூடப் பை தொங்கவிடக் கொக்கி. "இப்பிடியெல்லாம் ஒங்க காலத்துல கண்டிருக்கவே மாட்டீங்கம்மா" என்றாள் மகள். நான் கட்டிலின் மூலையைத் தடவிப் பார்த்தேன். ஆணி இல்லை, திருகாணிதான். நினைத்த நேரம் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

எனக்கு எட்டு வயது இருக்கும். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய மேல்மலை லயத்தில் இருந்தோம். ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று சொல்கிற ஒரு சின்ன வாசல் தாழ்வாரம், அவ்வளவுதான் வீடு. அந்த ஒரே காம்பராவுக்குள் அடுப்பும் இருந்தது, சாமிப் படமும் இருந்தது, அப்பாவும் அம்மாவும் நானும் தம்பியும் இருந்தோம். தங்கை பிறந்ததும் கால் நீட்ட இடமில்லாமல் போயிற்று. அப்பா இஸ்தோப்பின் ஒரு மூலையைச் சாக்கும் மூங்கிலும் வைத்து அடைத்து, மேலே மண் பூசி, "இதுதான் ஒன்னோட வீடு" என்றார். நான் நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் விரல் தட்டும். கதவுக்குப் பதில் ஒரு பழைய சேலை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த லயத்தில் தனி அறை வைத்திருந்த பிள்ளை நான் ஒருத்திதான்.

அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மலைப்பாதையில் இறங்கி வரும்போது லயத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

சுத்தியல் சத்தத்துக்கு எதற்குப் பயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எங்கள் சனங்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்திருந்த காலம் அது. இந்தியாவுக்குப் பேர் வந்த குடும்பம் முதலில் ஆட்டை விற்கும். பிறகு பண்டாரவளைக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வரும். கடைசியாகத் தேயிலைப் பெட்டி வாங்கி, சட்டி பானையை அடுக்கி, மூடிக்கு ஆணி அடிக்கும். அந்த ஆணிச் சத்தம் கேட்டால் லயத்துப் பெண்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து அந்த வாசலில் உட்கார்ந்து அழுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளை நாங்கள் பார்க்க மாட்டோம். என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த பிள்ளை அப்படித்தான் போனாள். ஸ்டேசனில் கோச்சி ஏறும்போது அவள் கையை ஆட்டவில்லை. தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சத்தம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று ஒவ்வொரு வாசலாகக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வாசலிலிருந்துதான் வந்தது.

இஸ்தோப்பில் மாமா குந்தியிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கீழ் லயத்தில் இருந்துகொண்டு ஃபேக்டரியில் வேலை. எதற்கெடுத்தாலும் சிரிப்புக் காட்டுகிற மனுசன். அவரைச் சுற்றித் தேயிலைப் பெட்டிகள்.

"யாரு மாமா போறது?" என்று கேட்டேன்.

"நீதான் மருமகளே. ஒன்னைய உள்ள வச்சு மூடி, மேல பேரெழுதி, இராமேஸ்வரத்துக்கு அனுப்பப் போறோம். மூச்சு விட ஒரு ஓட்ட போடவா, ரெண்டு போடவா?"

நான் ஓவென்று கத்திவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள். "பச்சப் புள்ளகிட்ட பேசுற பேச்சாடா இது? அழாதம்மா. ஒனக்குக் கட்டில் செய்யுறான்."

கட்டில்தான் செய்தார். பொய் இல்லை. பெட்டிகளைப் படுக்க வைத்து, வாயை வெளிப்பக்கம் காட்டி வரிசையாக அடுக்கி, மேலே பலகை போட்டார். ஒரு பெட்டிக்குள் என் உடுப்பும் புத்தகமும். அடுத்ததில் அரிசியும் மாவும். கடைசிப் பெட்டிக்குள் சுத்தியல், ஆணி டப்பா, மண்வெட்டி. கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகளைச் சுவரில் இறுக்கி, அம்மாவின் கொழுந்துக் கூடையையும் மழைக் கம்பளியையும் தொங்கவிட்டார். தலைமாட்டில் ஒரு சின்னப் பலகையை வைத்து, அதில் கதிர்காமத்து முருகன் படத்தை நிறுத்தினார். "மேல புள்ள, கீழ அரிசி, தலைக்கு மேல சாமி. தொர பங்களாவுலகூட இப்பிடிக் கெடையாது" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாள் காற்று பட்டால் சரசரக்கும். யாரோ உள்ளே இருந்து சாமான் அடுக்குகிற மாதிரி இருக்கும். பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையில் பதித்த எழுத்துகள் வேறு. போகிற வீட்டுப் பெட்டிகளிலும் அந்த எழுத்தைத்தான் பார்த்திருந்தேன். அதன் மேல்தான் அவர்கள் பேர் எழுதுவார்கள். என் பேர் எழுதியிருக்கிறதா என்று தினமும் காலையில் எழுந்ததும் குனிந்து பார்ப்பேன்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் உடைந்த ஓரங்களுக்குத்தான் மாமா ஆணி அடித்திருந்தார். பெட்டியையும் பலகையையும் சேர்த்த இடத்தில் எல்லாம் திருகாணி. கேட்டதற்கு, "ஆணி அடிச்சா கழட்ட ஏலாது மருமகளே" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டிலை எதற்குக் கழற்ற வேண்டும்?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் குளிக்க வைத்து, பாவாடை கட்டி, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மாமாவும் வந்தார். பூசாரி சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியே வாழையிலையில் மடித்து நூல் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். மனசு முடிவுக்கு வராத காரியம் என்றால் எங்கள் ஆட்கள் இப்படித்தான் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பெரியமனுசி ஆகாத பிள்ளையின் கையால் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது ஆத்தா சொன்ன வாக்கு. அதற்குமேல் பேச்சு இல்லை.

"கண்ண மூடிக்கிட்டு எடும்மா" என்றார் அப்பா. என்ன காரியம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்தேன். பிரித்தார்கள். சிவப்பு.

அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "செவப்பு வந்திருச்சுல்ல மச்சான். இனி என்ன யோசன? நீங்களும் பேரக் குடுங்க, ஒன்னாவே போயிருவோம். பெட்டியும் ரெடியா இருக்கு, கழட்டி அடுக்கவேண்டியதுதான்."

நான் அவர் தோளிலேயே உறைந்துபோனேன். பெட்டி எதற்கு, திருகாணி எதற்கு, பூ எதற்கு, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. எங்களை அனுப்பச் சொல்லிப் பூ எடுத்துக் கொடுத்ததே என் கைதான்.

திங்கட்கிழமை எனக்கு வயிற்றுவலி வந்தது. அதாவது, வந்ததாகச் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார்கள். தம்பியையும் தங்கையையும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டார்கள். வாசல் காலியானதும் கடைசிப் பெட்டிக்குள் கையை விட்டுச் சுத்தியலையும் ஆணி டப்பாவையும் எடுத்தேன்.

முதலில் முருகன் படத்தைத் திருப்பி வைத்தேன். சாமி பார்க்கக் கூடாது என்று. பூ வந்த பிறகு மறுத்துச் செய்தால் ஆத்தா முத்துப் போடுவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து லயத்தில் அம்மை கண்டு கிடந்த பையனின் முகம் கண் முன்னால் வந்தது.  இருந்தாலும் அடித்தேன். பலகையைப் பெட்டியோடும், பெட்டியைப் பெட்டியோடும், ஓரப் பெட்டியை இஸ்தோப்பு மரத்தூணோடும் சேர்த்து அடித்தேன். பாதி ஆணி வளைந்தது. விரல் நசுங்கி நகம் கறுத்தது. டப்பா காலியாகும்வரை அடித்தேன்.

போகாமல் இருக்கத்தான் அடித்தேன். ஆனால் சத்தத்துக்கு அது தெரியுமா? சேலைக்கு வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வேலைக்குப் போகாமல் இருந்த பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "அடியே, ஒங்க வீட்டுக்கும் வந்திருச்சா? ஒரு வார்த்த சொல்லலயே ஒங்காத்தா!" என்று பக்கத்து வீட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். செய்தி அதற்குள் மலைக்கு ஏறிவிட்டது. அம்மா கூடையோடு, நெற்றியில் மாட்டிய கயிற்றைக்கூட இறக்காமல், ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெயில் இறங்கும் நேரம் அப்பாவும் மாமாவும் சேர்ந்தே வந்தார்கள். மாமா வளைந்த ஆணிகளைப் பார்த்து முதலில் சிரித்தார். "எந்தக் கொல்லாசாரிடா இது? ஆணிக்கே கூன் விழுந்திருச்சு!" பிறகு திருப்புளியை எடுத்து ஒரு மூலையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "கழட்டணும்னா பெட்டி ஒடைஞ்சிரும் மச்சான்."

"ஏன்மா இப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டார் அப்பா.

"பெட்டி போகாட்டி நாமளும் போகத் தேவையில்லதானே" என்றேன்.

அப்பா சுத்தியலைக் கேட்டுக் கையை நீட்டினார். அது எனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டக், டக் என்று கேட்டது. கண்ணைத் திறந்தால், வளைந்த ஓர் ஆணியை நிமிர்த்திப் பலகையில் ஒழுங்காக இறக்கிக்கொண்டிருந்தார். அடுத்ததை நிமிர்த்தினார்.

"மச்சான், பூவு..." என்றார் மாமா.

"பூவ எடுத்ததும் இந்தக் கைதான் மாப்ள. ஆணி அடிச்சதும் இந்தக் கைதான்." அப்பா என் கறுத்த விரலைத் தூக்கிக் காட்டினார். "அத எடுக்கச் சொல்லி நாம கூட்டிட்டுப் போனோம். இத அடிக்கச் சொன்னது யாரு? ஆத்தா எதுல பேசுனான்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

மாமா திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புக்குள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நான் முருகன் படத்தைத் திருப்பி வைத்து விழுந்து கும்பிட்டேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் காலையில் எழுந்ததும் கைகால்களில் முத்து இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு கொசுக்கடிக்கு நான் அழுத அழுகையில் அம்மா வேப்பிலை தேடிப் போனதும் உண்டு. ஆத்தா ஒன்றும் செய்யவில்லை. இன்றுவரை என் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல், நாடில்லாதவர்களாகப் பல வருசம் கிடந்தோம். அதுவும் அவள் சித்தம்.

மாமாவின் பேர் ஏற்கெனவே இந்தியாப் பக்கம் போயிருந்தது. அவரால் மாற்ற முடியாது. பங்குனி மழையில் ஒரு நாள் கீழ் லயத்திலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. ஒரே ஒரு பெட்டி. தனி ஆளுக்கு அதற்குமேல் எதற்கு? ஒவ்வொரு அடியும் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கு அன்று பயமே வரவில்லை. அது எங்கள் வாசலில் இல்லை. என் கட்டில் தூணோடு இருந்தது, ஆட்டினாலும் ஆடாது. வெகு நாளைக்குப் பிறகு பகலிலேயே அதில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

எழுந்தபோது அம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் அப்பா இறக்கிய ஆணித் தலைகளை ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. கீழே சத்தம் நின்றிருந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, அவளுக்கு நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னேன்:

"நாமதான் போகலயேம்மா. பொறகு ஏன் அழுவுற?"