அய்யாவு குப்பை என்று சொன்ன படம்

டூரிங் கொட்டகையில் இடைவேளை முடிந்து டிரெய்லர் ஓடினால் ஊர் திரையைப் பார்க்காது, அய்யாவுவைத்தான் பார்க்கும். அம்மா இருமினால் பாதிப் படத்தில் போய்ச் சேருவாள், பண்ணையார் இடிச்சிரிப்புச் சிரித்தால் கடைசியில் காலில் விழுவார் என்று பீடி பற்றவைப்பதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே, சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கு அது வாய்த்திருக்கிறது!

அன்றைய டிரெய்லருக்கு மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு வயல். அண்ணன் வேலி போடுகிறான், தம்பி வெளியே நின்று பார்க்கிறான். கடைசி ரீலில் அண்ணனே வேலியைப் பிடுங்கித் தம்பிக்குப் பாதியைக் கொடுப்பான் என்று அய்யாவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"என்னங்க, இதுக்குப் போவலாமா?" என்றாள் மனைவி நாகம்மாள்.

"குப்பை. காசைக் கரியாக்காத."

ஏன் என்று நாகம்மாளுக்குத் தெரியும். குத்தகை நிலத்துக்குச் சாகுபடிக்காரன் பேரைப் பதியச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டபோது, அப்பா உழுத நிலத்தை அய்யாவு தன் பேரில் மட்டும் பதிந்துகொண்டார். அன்றிலிருந்து எதிர்வீட்டில் இருக்கும் கூடப்பிறந்த தம்பி சிவசாமி அவரிடம் பேசுவதில்லை.

படம் கும்பகோணத்துக்கு வந்ததும் அய்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேட்னியில் போய் உட்கார்ந்தார். படம் தொடங்கிய பிறகு பெஞ்சில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை இடைவேளை வெளிச்சத்தில்தான் பார்த்தார். சிவசாமி!



"உரம் வாங்க வந்தேன்" என்றார் அய்யாவு.

"நானுந்தான்" என்றான் சிவசாமி.

அய்யாவு ஒரு முறுக்கு வாங்கி உடைத்து நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் கடிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். படத்துல அந்த வயலு எப்படி முடியுதோ, நம்ம வயலையும் அப்படியே முடிச்சுக்குவமா?"

இத்தனை வருஷம் கட்டிக்காத்த வயல். அய்யாவு தம்பியின் கன்னத்தில் நரைத்த முடியைப் பார்த்தார். இவனுக்கு எப்போது நரைத்தது என்றே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

"சரிடா."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அண்ணனுக்குன்னு முடிஞ்சா நான் மூச்சு விடமாட்டேன். தம்பிக்கும் பாதின்னா நீங்க பேச்சு மாறக்கூடாது."

மணி அடித்து விளக்கு அணைந்தது.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார் அய்யாவு. "நான்தான் டிரெய்லர் பாத்துட்டேன்ல."