அப்பா உறங்கிய விருந்து

சாரா வீட்டுப் பாஸ்கா விருந்துக்குக் குடும்பமாகப் புறப்பட்ட அந்த மாலை, அம்மாவின் புத்திமதி முழுவதும் எனக்குத்தான் கிடைத்தது. "குழப்படி செய்யாதை. தந்ததைச் சாப்பிடு. கொட்டாவி விடாதை." அப்பாவுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிழையாய்ப் போனது.

சாரா என் வகுப்புத் தோழி, யூதப் பிள்ளை. சூரிச்சில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் ட்ராமில் போனால் அவர்கள் வீடு. வகுப்பில் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள். இன்னொரு முறையும் கூப்பிட வேண்டுமே என்பதுதான் அன்று என் கவலையெல்லாம்.

மேசையைச் சுற்றி ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தலையணை இருந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர் தப்பி வந்த கதையை வாசிக்கும் இரவு இது, விடுதலை பெற்றவர்கள் சாய்ந்துதான் உட்கார வேண்டும் என்று சாராவின் அப்பா ஜெர்மன் மொழியில் சொன்னார்.

"சாய வேணுமாம் அப்பா" என்றேன்.

விடியமுன் அலுவலகங்களைத் துடைத்து, பின்னேரம் உணவகத்தில் பாத்திரம் கழுவும் என் அப்பா, எங்கே போனாலும் கதிரை நுனியில் உட்காருகிறவர். அன்று சொன்ன சொல்லைத் தட்டாமல் சாய்ந்தார்.

மெழுகுதிரிகள் எரிந்தன. எபிரேய மொழி வாசிப்பு ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. கதையில் அவர்கள் தப்பிப்போகக் கடல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே அப்பா தூங்கிவிட்டார். மெல்லிய குறட்டையும் வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ" என்று கிள்ளப் போன அம்மாவின் கையைச் சாராவின் அம்மா பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அதன் பிறகு அந்த வீடே மெதுவாகிவிட்டது. வாசிப்பு முணுமுணுப்பானது. புளிக்காத மாவில் சுட்ட ரொட்டியைக் கடித்தால் நொறுங்கிச் சத்தம் போடும் என்று எல்லோரும் அதைச் சூப்பில் ஊறவைத்துத் தின்றார்கள். பாட்டுகளை உதட்டளவில் பாடினார்கள். தண்ணீருக்கு அடியில் நடக்கும் விருந்து போல இருந்தது. அழகாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கிண்ணம் நிறைய வைன் ஊற்றி நடுவில் வைத்தார்கள். அது எலியா என்ற தீர்க்கதரிசிக்காம். இந்த இரவில் அவர் வருவார் என்று வருடாவருடம் வாசற்கதவைத் திறப்பார்களாம். அதைத் திறக்கப் போகுமுன், சாராவின் அம்மா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அப்பாவின் மேல் போர்த்திவிட்டார்.

வரப்போகும் பெரியவரின் கண்ணில் படாமல் அப்பாவை மறைக்கிறார் என்றே நான் நினைத்தேன். நன்றியோடு எழுந்துபோய், திறந்திருந்த அவர் வாயும் மறையும்படி சால்வையை மேலே இழுத்துவிட்டேன்.

கதவு திறந்தது. தெருக்குளிரும் எங்கோ ஒரு ட்ராம் திரும்பும் சத்தமும் உள்ளே வந்தன. எல்லோரும் எழுந்து நின்று படிக்கட்டைப் பார்த்தார்கள். எத்தனையோ தலைமுறையாக அவர்கள் காத்திருக்கும் அந்த விருந்தாளி, இன்றைக்கு மட்டும் வந்துவிடக்கூடாது என்று நான் பிள்ளையாரை மன்றாடிக்கொண்டிருந்தேன்.