சவிரியண்ணையின் காட்டாத கமரா

சவிரியண்ணை செத்துப்போன செய்தி எங்கள் படப்பிடிப்பாளர் சங்கத்தின் வட்சப் குழுவில், பாவித்த லென்ஸ் ஒன்று விற்பனைக்கு என்ற விளம்பரத்துக்குக் கீழே வந்தது. காலை நேரம். நான் இணுவிலில் என் வீட்டு மேசையில் இருந்து, அவரும் நானும் இரண்டு நாளுக்கு முன்னர் சேர்ந்து எடுத்த கலியாணத்தின் படங்களைக் கணினியில் பிரித்துக்கொண்டிருந்தேன். 'எமது மூத்த உறுப்பினர் மாரடைப்பால் காலமானார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள். அந்தக் கைகளுக்கு நடுவில் ஒருவர், லென்ஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னரே ஆத்திரம் வந்துவிட்டது. அது இன்றுவரை ஆறவில்லை. இதை வாசிக்கப்போகிற உங்களில் பலர் அந்தக் குழுவில் இருப்பவர்கள்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவிரிமுத்து என்பது முழுப்பெயர். குருநகரில் பிறந்து, குருநகரிலேயே இருந்து, யாழ்ப்பாணம் முழுக்கப் படம் எடுத்த மனிதர். கலியாணம், முதல்நன்மை, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதே அரைக்கைச் சேட்டோடுதான் வருவார். மூக்குக்கு மேல் கோபம் வரும். மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை பிடித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனவர், தாலிகட்டு நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். கலியாணப் பொம்பிளை வெளிக்கிடும் அறையும் மணவறையும் எனக்கு, மண்டபத்தின் மற்ற மூலைகள் அவருக்கு என்பது எங்கள் ஒழுங்கு.

சங்கத்தின் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஒருநாள் யாருக்கு எந்தக் கமரா பிடிக்கும் என்று கதை வந்தது. இந்தக் கதை தொடங்கினால் எங்கள் ஆட்கள் பிள்ளை குட்டியையும் மறந்துவிடுவார்கள். ஒருவர், தன்னுடைய புதுக் கமரா பொம்பிளையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது என்றார். தலைவர் தன்னுடையதன் பாரத்தைப் புகழ்ந்தார், கையில் பாரம் இருந்தால்தான் சனம் மதிக்குமாம். சத்தம் போடாத காரணத்தால் என்னுடையது எனக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னேன். ஐயர் மந்திரம் சொல்கிறபோது பக்கத்தில் நின்று எடுத்தாலும் அவர் திரும்பிப் பார்த்து முறைக்க மாட்டார். சவிரியண்ணை கடைசியாகத் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினார். முதுகுப்பக்கத்துத் திரை சிலந்திவலை மாதிரி வெடித்துக் கறுத்துக் கிடந்தது.

"என்ரை கமராக்குக் கண் இருக்கு, வாய் இல்லை. அதுதான் பிடிக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் அதிகமாகச் சிரித்தார். "அண்ணை, உதைக் கடலுக்கை எறிஞ்சுபோட்டு ஒண்டு வாங்குங்கோ, மானம் போகுது" என்றார். சவிரியண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தத் திரை உடைந்தது மயிலிட்டியில். துறைமுகத்தில் புதுப் படகு ஒன்றுக்குச் சுவாமியார் தீர்த்தம் தெளிக்க, பின்னுக்குப் பின்னுக்கு நடந்து படம் எடுத்தவர் பாசியில் வழுக்கி விழுந்தார். முழங்கை கிழிந்தது, கமரா கருங்கல்லில் அடிபட்டது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் சரியாக இருந்தது. எடுத்த படமும் சரியாகப் பதிந்தது. எடுத்ததைக் காட்டுகிற திரை மட்டும் செத்துவிட்டது. அந்த நேரம் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அணைக்கட்டில் இருந்தது உண்மை. திருத்தக் கொடுக்க முன்னர் ஒரு கலியாணம் குறுக்கே வந்தது. அதனால் உடைந்த கமராவோடேயே போனார்.

அந்தக் கலியாணத்தில் பொம்பிளையின் மாமா ஒருவர் வழக்கம்போல வந்தார். உங்களுக்குத் தெரியும், எங்கள் கலியாணவீடுகளில் இப்படி ஒரு மாமா கட்டாயம் இருப்பார். படம் எடுக்க எடுக்கப் பின்னால் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதை வைக்கச் சொல்லுவார், அதை அழிக்கச் சொல்லுவார்.

"காட்டும், பாப்பம்" என்று கேட்டிருக்கிறார்.

"திரை செத்துப்போச்சு ஐயா" என்று இவர் கமராவைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

மாமா அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டார். சவிரியண்ணை பிறகு என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, எத்தினை வருசமா நான் உவையளோடை சண்டை பிடிச்சனான். இது கல்லிலை விழுந்து ஒரு நாளிலை வெண்டு தந்திட்டுது. இனி இதைத் திருத்த மாட்டன்." கடைசிவரைக்கும் திருத்தவில்லை.

அழிக்கச் சொல்லுவது யாரை என்று தெரியாதமாதிரி நடிக்க வேண்டாம். பெரும்பாலும் விதவைகளை. பெற்ற தாயாக இருப்பார், வளர்த்த மாமியாக இருப்பார், புருசன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மணவறைப் பக்கம் வரக்கூடாது, ஆராத்தி எடுக்கக்கூடாது, படத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது. தப்பித்தவறி ஒரு மூலையில் விழுந்துவிட்டால், அல்பத்தைத் திறக்கிறபோது முழிவியளம், அதாவது கண்ணில் முதலில் படுகிற சகுனம், சரியில்லையாம். சவிரியண்ணைக்கு இதில்தான் பத்திக்கொண்டு வரும். "படத்திலை நிக்கிற ஆள் வேண்டாமெண்டால் வேண்டாம், நான் எடுக்கமாட்டன். படத்துக்கு வெளியிலை நிக்கிறவருக்கு என்ன கதை?" என்பார். அந்தக் கமரா உடைந்தபிறகு அவர் எடுத்த இப்படிப்பட்ட தாய்மாரின் படங்கள் அல்பத்தில் வராது. தனியாகக் கடதாசியில் கழுவி, ஒரு உறையில் போட்டு, அந்தத் தாயின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்.

அவர் படம் எடுத்த கடைசிக் கலியாணமும் அப்படித்தான் நடந்தது. பொம்பிளை லண்டனில் இருந்து வந்தவள். அவளுடைய தாய் பரமேஸ்வரி அக்கா எங்கள் ஊர்தான், என் வீட்டில் இருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். புருசன் செத்தபிறகு தோட்டம் செய்து மகளைப் படிப்பித்து அனுப்பியவர். மகளின் கலியாணத்தன்று அந்த மனிசியைப் பெரியப்பாக்காரர் மண்டபத்தின் பின்னறையில், வெங்காயம் உரிக்கிற இடத்தில் கொண்டுபோய் இருத்தினார். என்னிடமும் வந்து, "தாயை எடுக்காதேங்கோ, அவவுக்கும் அது விருப்பமில்லை" என்றார். அது பொய். தாலிகட்டு முடிந்ததும் பொம்பிளை கூறைச்சேலையோடு பின்னறைக்கு ஓடிப்போய்த் தாயின் காலில் விழுந்தாள். தாய் குனிந்து அவளைத் தூக்கினார். நான் மணவறையில் இருந்தேன். சவிரியண்ணை அங்கே நின்றார். வெளியே வரும்போது பெரியப்பாக்காரர் மறித்துக் கமராவைக் காட்டச் சொல்லிக் கேட்டதையும், கறுத்த திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்ததையும் நான் தூரத்தில் இருந்து கண்டேன்.

போகும்போது பரமேஸ்வரி அக்கா அவருடைய கையைப் பிடித்து, "தம்பி, அந்தப் படம் எனக்கு வேணும்" என்று கேட்டார். "கழுவிக்கொண்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தவர் செத்துப்போனார்.

படம் கமராவுக்குள் இருக்கிற மெமரி காட்டில் இருந்தது. செத்தவீட்டில் பிரேதத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அடக்கம் முடிந்தபிறகு போனேன். அவருடைய மனைவி திரேசா அக்கா, "கமராவைச் சங்கத்துக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போட்டினம், முப்பத்தோராம் நாளுக்குக் கண்ணாடிப் பெட்டியிலை வைக்கப்போகினமாம்" என்றார். உடனே தலைவருக்குப் போன் எடுத்தேன். உள்ளுக்குள் காட் இருக்கிறது, அதில் ஒரு தாயின் படம் இருக்கிறது, தொடாதேங்கோ என்று சொன்னேன். "ஓம் ஓம், பத்திரமா இருக்கு, விழாவிலை தாறம்" என்றார். பரமேஸ்வரி அக்கா இடையில் இரண்டு மூன்று தரம் என்னைக் கேட்டார். அவருடைய மகள் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். வரும் அக்கா, வரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சங்கத்தின் நினைவுவிழா மண்டபத்துக்குப் போனோம். வாசலில் ஆளுயரப் பனர். சவிரியண்ணையின் தலை, அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய கோட்டும் கழுத்துப்பட்டியும். செத்த சனத்துக்குக் கணினியில் கோட்டுப் போடுகிற இந்தக் கூத்தைத் தன் வாழ்நாளில் ஒருதரமும் செய்ய மறுத்த மனிதருக்கு, அவருடைய தொழில்காரரே கோட்டுப் போட்டுவிட்டார்கள். திரேசா அக்கா நின்று பார்த்தார். "உந்தக் கோட்டு ஆரின்ரை?" என்று கேட்டார்.

உள்ளே மேடையில் கமரா இருந்தது. திரையைத் திருத்தியிருந்தார்கள். அண்ணையின் ஞாபகார்த்தமாகச் சங்கமே பொறுப்பெடுத்துப் புதுத் திரை பூட்டி, சேவிஸ் செய்து, மினுக்கி வைத்திருந்தார்கள். அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பேச்சு முடிய ஒவ்வொருவராக மேடைக்கு ஏறி, அந்தக் கமராவைக் கையில் வாங்கி, தன் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்து, திரையில் பார்த்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மானம் போகுது என்று சொன்ன அதே வாய், 'இந்தக் கமரா எங்கள் சொத்து' என்று ஒலிவாங்கியில் பேசியது.

நான் நேரே மேடைக்கு ஏறி, "பழைய படங்கள் எங்கை?" என்று கேட்டேன்.

தலைவருக்கு விளங்கவேயில்லை. "காட்டைப் போமற் பண்ணித்தானே வைச்சிருக்கிறம். கிளீனா இருக்கு" என்றார்.

கெட்டெண்ணத்தோடு செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். கமரா ஒன்று கைக்கு வந்தால் காட்டைத் துடைத்துவிட்டு வைப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். சாப்பிட முன்னர் கை கழுவுவது மாதிரி, யோசிக்காமலே விரல் செய்துவிடும். ஆனால் நான் வாய்திறந்து சொன்ன பிறகும் செய்ததை என்ன என்று சொல்லுவது? இத்தனைபேர் அதற்கு மேல் தங்கள் மூஞ்சிகளை எடுத்து நிரப்பியதை என்ன என்று சொல்லுவது? நான் கத்தினேன். பூசை முடிந்து வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கத்தான் கத்தினேன். காட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன்.

அழிந்த படங்களை மீட்டெடுக்கிற மென்பொருள் வைத்திருக்கிற ஒருவரிடம் டவுனில் கொடுத்தேன். மேலே புதுப் படங்கள் எழுதப்பட்டதால் எல்லாம் போய்விட்டது என்றார். கடைசியில் ஒன்று வந்தது. அதிலும் மேல்பாதி மட்டும். வெங்காயச் சாக்குகள், யன்னல் வெளிச்சம், அதற்கு முன்னால் குனிந்து கீழே பார்க்கிற பரமேஸ்வரி அக்காவின் முகம். கழுத்துக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். காலில் விழுந்த மகள் இருந்த இடமே இல்லை. யாரை அழிக்கச் சொன்னார்களோ அவர் மட்டும் மிஞ்சியிருந்தார்.

சங்கத்துக்காரர் ஒருவர் சமாதானத்துக்கு என் வீட்டுக்கு வந்தார். "இப்ப ஏஐ இருக்குத்தானே அக்கா. மகளின்ரை வேறை படம் ஒண்டைக் குடுத்தால் கீழ்ப்பாதியை அது போட்டுத் தரும், ஆருக்கும் தெரியவராது" என்றார். அவரும் உதவியாகத்தான் சொன்னார். பனருக்குக் கோட்டுப் போட்டவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

பாதிப் படத்தை அப்படியே கழுவி, உறையில் போட்டுக் கொண்டுபோனேன். பரமேஸ்வரி அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். மகள் படத்தில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் படத்தை யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"அவளைக் காணேல்லைத்தான். நான் குனிஞ்சு ஆரைப் பாக்கிறன் எண்டு எனக்குத் தெரியும்தானே பிள்ளை" என்றார். பிறகு, "முகத்தைப் பார். சிரிக்கிறன் போலை கிடக்கு" என்றார்.

ஆறுதல் சொன்னது அவர். ஆனால் எனக்கு ஆறவில்லை. அந்த மனிசிக்குக் கிடைத்திருக்க வேண்டியது முழுப் படம்.

சவிரியண்ணையின் கமரா இப்போது சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை, திரை எரிகிற அந்தக் கமரா எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய கோபம் ஒன்றைத்தான். அதைக் குறையவிடாமல் வைத்திருக்கிறேன். போன கிழமை சண்டிலிப்பாயில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் தாய், அவரும் புருசனை இழந்தவர், தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "அம்மா, உங்களை எடுக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் ஓமென்று தலையை ஆட்டி, சேலையைச் சரிசெய்தார். எடுத்து முடிய ஒரு மாமா வந்து, காட்டும் பாப்பம் என்றார். என் கமராவின் திரை நல்லாக வேலை செய்கிறது. அதைக் கையால் மூடிக்கொண்டு, "காட்ட மாட்டன்" என்றேன். அவருடைய முகம் கறுத்துப்போய்விட்டது. அதையும் ஒரு படம் எடுத்தேன்.