கொட்டேஷனில் சேர்த்த வரி

கடலூர் சிப்காட்டில் இன்சுலேஷன் வேலை எடுத்துச் செய்கிறவள் நான். தொழிற்சாலைகளில் நீராவி ஓடும் குழாய்களுக்குக் கண்ணாடி நார்ப் பட்டையைச் சுற்றி, மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்திவிடுவோம். டிப்ளமோ முடித்துப் பல வருடம் மாதச் சம்பளத்துக்கு இருந்துவிட்டுத் தனியாக வந்தேன். என்னிடம் ஆறு பேர் வேலை செய்தார்கள். எல்லோரும் கிள்ளைப் பக்கம்.

சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் போவேன். அதே பஸ்ஸில் இன்னொரு இன்சுலேஷன் காண்ட்ராக்டரும் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஐந்து வருடமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் தனியாக வந்த புதிதில், எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வேலை அவருக்குப் போனது. என் ரேட்டை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது.

எங்களைப் போன்ற காண்ட்ராக்டர்களுக்கு ஜிஎஸ்டி ஏறப் போகிறது என்று பேச்சு கிளம்பிய சமயம் அது. டீக்கடை டிவியில் தினமும் அதே விவாதம். அப்போதுதான் ஒரு கம்பெனியில் ஷட்டவுன் வேலைக்கு ரேட் கேட்டார்கள். ஆலையைச் சில வாரம் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். எங்களுக்கு வருடத்தின் பெரிய வேலையே அதுதான்.

"வரியெல்லாம் சேத்து ஒரே ரேட்டா போடும்மா. ஒரு வருஷத்துக்கு மாத்தக்கூடாது" என்றார் மேனேஜர்.

"நடுவுல வரி ஏறிட்டா சார்?"

"அது உன் பாடு." பிறகு அவரே, "எதுக்கு இந்த அலைச்சல்? இங்க சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு. சம்பளத்துக்கு வந்துடேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "போறதுன்னா போ. அந்த ஆறு பேருக்கு யாரு வேல குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் பக்கத்து வரிசை காலியானது. அந்த மூத்த காண்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உங்ககிட்டயும் வரி சேத்துதான் ரேட் கேட்டாங்களா?"

ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஆமாம் என்றேன்.

"நடுவுல ஏறுனா நம்ம கைய கடிக்கும். ஆனா அவுங்க நமக்குக் குடுக்கற வரிய அவுங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சிக்கலாம். அவுங்களுக்கு அதுல நஷ்டமே இல்ல. ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். 'பில் போடற அன்னிக்கு என்ன வரியோ அது தனி'ன்னு ஒரு வாக்கியம் எழுதிக் குடுத்துடலாம். நீங்களும் எழுதுங்க, நானும் எழுதறேன். ரேட்ட நீங்க சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன்."

கொட்டேஷனின் கடைசியில் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னொருத்தர் இந்த மாதிரி எதுவும் போடலியேம்மா."

பேனா கையில்தான் இருந்தது, அடித்துவிட ஒரு நொடி போதும். ஆனால் வரி ஏறினால் அந்த ஆறு பேருக்குக் கூலி கொடுத்தபின் என் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும். "அப்படியே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டாவது தடவையும் ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியது.

இரண்டு நாள் பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"என்ன தங்கச்சி, எழுதினத அடிச்சிட்டீங்களாமே? மேனேஜர் சொன்னாரு."

"நான் எதுக்கு அடிக்கறேன்? நீங்கதான் எழுதவே இல்லியாம்."

அவர் பையிலிருந்து தன் கொட்டேஷனின் நகலை எடுத்து நீட்டினார். கம்பெனி சீல் வைத்த தாள். கடைசியில் அந்த வாக்கியம் இருந்தது. என் கொட்டேஷனைப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை நானும் காட்டினேன்.

"ரெண்டு நாளா உங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வந்தேன்" என்றார்.

"நானும்தாண்ணே."

சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் பழைய விஷயத்தைக் கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அந்த வேலையில எனக்கு நஷ்டம்மா. உங்க ரேட்டு தெரிஞ்சிருந்தா அவ்ளோ கம்மியா போட்டிருப்பனா?"

ஐந்து வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவே அந்த வாக்கியத்தில் தங்களுக்குச் சிக்கல் இல்லை என்று சொல்லிவிட்டது. பாய்லர் பக்கம் அவருக்கு, மற்றது எனக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு ஷட்டவுன் தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

வரி இதுவரை ஏறவில்லை. ஏறலாம் என்று இன்னமும் பேசுகிறார்கள். பெயின்டிங் காண்ட்ராக்டரும் சாரம் கட்டுகிறவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிற பெயின்டிங்காரர் அதில் ஒரு பிழையைத் திருத்தியும் கொடுத்தார்.

போன மாதம் கிள்ளையிலிருந்து இரண்டு பெண்களைப் புதிதாகச் சேர்த்தேன். தகடு வெட்டப் பழகுகிறார்கள். குழாய் வளையும் இடத்துக்கு வெட்டுவதுதான் சிரமம், எனக்கே பிடிபட ஒரு மாதம் ஆனது. ஒருத்தி ஒன்பதாம் நாள் அளவெடுத்து வெட்டிக் கொண்டுவந்து நீட்டினாள். பொருத்திப் பார்த்தேன். விளிம்போடு விளிம்பு சேர்ந்து உட்கார்ந்தது.