செக்மெத் அம்மனுக்கு ஊற்றிய கூழ்

அம்மனுக்கு முதுகைக் காட்டி நிற்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மன்னார்குடியில் சந்நிதியை விட்டு வரும்போதுகூடப் பின்பக்கமாகவே நடந்து பழகியவள் நான். சிங்கப்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளர் வேலை. யாரும் தொட்டுவிடாதபடி கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால் அவள் எனக்குப் பின்னால்தான் இருப்பாள். அவள் செக்மெத், பண்டைய எகிப்தின் தெய்வம். ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து சில மாதங்களுக்கு இரவலாக வந்தவள். கருங்கல்லில் அமர்ந்த கோலம், பெண்ணின் உடல், பெண்சிங்கத்தின் முகம், தலைக்கு மேல் சூரிய வட்டம். காதுக்குப் பின்னால் வரிவரியாக இறங்கும் பிடரி எந்த இடத்தில் பெண்ணின் கூந்தலாக மாறுகிறது என்று எத்தனையோ முறை தேடிவிட்டேன், பிடிபடவில்லை. செதுக்கியவனின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

கண்காட்சி தொடங்குமுன் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். கொள்ளைநோயை அனுப்புகிறவளும் இவள்தான், தீர்ப்பவளும் இவள்தான். இவளுடைய பூசாரிகள் வைத்தியமும் பார்த்திருக்கிறார்கள். காலையில் கருவறையைத் திறந்து, எண்ணெய் பூசி, துணி உடுத்தி, உணவு படைத்து, படைத்ததைத் தாங்களே பகிர்ந்து உண்டிருக்கிறார்கள். ஒருமுறை கோபம் தலைக்கேறி மனிதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தவளுக்குச் செந்நிறமேற்றிய பியரை நிலமெங்கும் ஊற்றிவைக்க, இரத்தமென்று நம்பிக் குடித்து மயங்கிச் சாந்தமானாள் என்று ஒரு கதை. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகுவோம், ஆடியில் கூழ் ஊற்றி அவளைக் குளிரவைப்போம். நைல் கரையில் இருந்தவர்களும் இதையே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நாட்களில்தான் என் மகள் யாழினிக்கு டெங்கு வந்தது. செங்காங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒருநாள் கணவரை அவளருகே உட்காரவைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். காலையில் ஆள் இல்லாத நேரம். சட்டென்று திரும்பி அந்தச் சிங்கமுகத்தைப் பார்த்தேன். ‘பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடு, உனக்குக் கூழ் ஊற்றுகிறேன்’ என்று வேண்டிக்கொண்டுவிட்டேன். பயந்துபோனவளுக்கு எதிரில் இருப்பது கோயிலா காட்சிக்கூடமா என்று தெரியுமா என்ன. மேற்பார்வையாளர் ஸ்டெல்லா அக்கா நான் உதடசைப்பதைப் பார்த்து, “டூர் பிராக்டிஸ் பண்றியா? வெரி குட் லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாழினி தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள், தோசை கேட்டுச் சண்டை போட்டாள். கண்காட்சியும் முடிந்தது. அப்போதுதான் நேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்தது. காட்சிக்கூடத்துக்குள் தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோக முடியாது, கூழை எங்கே ஊற்றுவேன்? சிராங்கூன் சாலைக் காளியம்மனுக்குச் செலுத்திவிடு, எல்லாம் ஒரே சக்திதானே என்றார் கணவர். கேட்டது ஒருத்தியிடம், கொடுப்பது இன்னொருத்திக்கா? அவள் கிளம்பிவிட்டால் இந்த ஜென்மத்தில் மறுபடி பார்க்கப்போவதில்லை. சொன்ன சொல் தவறினால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். வேறு வழியின்றி ஸ்டெல்லா அக்காவிடம் போய்ச் சொன்னேன். இங்கேயே தோ பாயோவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர், சிரிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“நேர்ந்துக்கிட்டியா? அப்போ செய்யணும் லா, விளையாடக் கூடாது,” என்றார். “எங்கம்மா எனக்காக வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பிளைட் புடிச்சுப் போய் மொட்டை போட்டோம். உள்ள மட்டும் சாப்பாடு அலவ் பண்ண முடியாது, பூச்சி வந்துடும். சிலைப் பெட்டியை லாரில ஏத்திக் கதவைப் பூட்டினதும் வெளிய வச்சுக்க. நானே கூட நிக்கிறேன்.”

தேக்கா சந்தையில் கேழ்வரகு மாவும் சின்ன வெங்காயமும் வாங்கினேன். கரைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி, மோர் ஊற்றி எடுத்துப்போனேன். அவளை நுரைப்பஞ்சு வைத்து மரப்பெட்டிக்குள் இறக்கியவர்களின் கைகளைப் பார்க்க வேண்டுமே, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதம். பூசாரிகள் இல்லாத தெய்வம் என்று இத்தனை நாள் இரக்கப்பட்டது எவ்வளவு மடத்தனம் என்று தோன்றியது. பெட்டி லாரியில் ஏறியது, கதவு பூட்டப்பட்டது. முதல் குவளையை லாரிக்குப் பின்னால் தரையில் வைத்துக் கண்ணை மூடினேன்.

திறந்தபோது குவளை தரையில் இல்லை. லாரி ஓட்டுநரான சீனப் பெரியவர் அதை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்காகத்தான் வைத்தேன் என்று நினைத்து, “தேங்க்யூ ஆ, வெரி கூலிங்,” என்றார். நான் வாய் திறக்குமுன் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். “விடு. உன் அம்மனைக் கொண்டுபோய் விடப்போறது அவர்தானே?”

எகிப்திலும் படைத்ததை அவளுக்குப் பணிவிடை செய்தவர்கள்தானே உண்டார்கள்! இரண்டாவது குவளையை நானே அவர் கையில் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கியவர்களுக்கும் ஊற்றினேன். ஸ்டெல்லா அக்கா வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மனம் நிறைந்துபோனது.

லாரி கிளம்பி, கிழக்கே சாங்கி விமான நிலையத்தை நோக்கித் திரும்பியது. எகிப்து இருப்பது மேற்கே. அவளை இரவல் கொடுத்த ஐரோப்பிய ஊரும் மேற்கே. என் மன்னார்குடியும் மேற்கேதான். நான் லாரி போன கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.