சிவப்பு தெரியாது என்று சொன்ன மாணிக்கம் அண்ணன்

மாணிக்கம் அண்ணனின் மகள்வயிற்றுப் பேரன், காஜா பேராங் என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். செங் என்ற ஊரில் இருக்கிற என் மகன் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். "தாத்தா போயிட்டாரு. காலையில கோப்பி கேட்டாரு. கலக்கிக் கொண்டு போறதுக்குள்ள..." என்றான். உட்காரச் சொன்னேன். இன்னும் பல வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

சாவு வீட்டில், பெட்டியை இறக்கி வைத்திருந்த கூடத்துக்கு வெளியே, யாரோ அந்தப் பழைய கதையை எடுத்தார்கள். சப்பான்காரன் காலத்தில் விலையுயர்ந்த சிவப்பு வைனை உருட்டி உருட்டிக் கெடுத்து, ஆபீசரிடம் அறை வாங்கிய மாணிக்கம். ஷாம்பேன் மட்டும் தெரியும், சிவப்பு தெரியாது. சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. அவரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்தான். ஆனால் அது உண்மை இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை பேசக்கூடாது என்று என் வாயைக் கட்டி வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் இதைக் கேட்கவேண்டும்.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்துக்காரர், அம்மா மலாய் பேசுகிற செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியில் பிறந்தவர். வீட்டில் மலாய், வெளியில் தமிழ், வேலையில் இங்கிலீஷ். கடலோரத்தில் இருந்த வெள்ளைக்காரர் கிளப்பில் வைன் அறை முழுக்க அவர் பொறுப்பு. நான் அங்கே கண்ணாடிக் குவளை கழுவித் துடைத்தவன். அடக்கமான மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். தன் நாக்கைப் பற்றி அவருக்கு அவ்வளவு கர்வம். ருசி பார்க்கிற நாளில் வெங்காயம் தொடமாட்டார், வெற்றிலை போடமாட்டார், மிளகாய்ச் சம்பல் இருக்கிற பக்கமே திரும்பமாட்டார். "ஊருல எல்லாரும் சம்பல் தின்னுட்டுத்தான் உயிரோட இருக்காங்க. இந்த மகராசனுக்கு மட்டும் நாக்குக்கு விரதம்!" என்று அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா தெருவுக்கே கேட்கும்படி சொல்லும்.

சிங்கப்பூர் வியாபாரிகள் மாதிரிக்குப் பாட்டில் அனுப்புவார்கள். காலையில் வெறும் ரொட்டித்துண்டு ஒன்றை மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு உட்காருவார். குவளைக்குப் பின்னால் வெள்ளைத் தட்டைப் பிடித்து நிறம் பார்ப்பார். மூக்கை விட்டு முகருவார். ஒரு வாய் எடுத்து, காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கில் புரட்டிப் பீங்கான் சட்டியில் துப்பிவிடுவார். "குடிக்கத்தான் சம்பளம்னு நெனச்சேன். துப்பவுமா சம்பளம்?" என்று சமையல்காரர் கேலி செய்வார். "முழுங்கினா அது குடி. துப்பினாத்தான் வேலை," என்பார் அண்ணன். ஒரு தடவை பெரிய பேர் போட்ட சிவப்பு வைன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. முகர்ந்த உடனே குவளையைத் தள்ளி வைத்தார். "கப்பல்ல வெந்து போச்சு. வேக வெச்ச திராட்சை வாடை அடிக்குது." அத்தனையும் திரும்பிப் போனது.

ஷாம்பேன் திறக்கும்போது சத்தம் வந்தால் அவருக்குப் பிடிக்காது. கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புவார். மெல்ல ஒரு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். குமிழி பொடிப்பொடியாக நூல் பிடித்தாற்போல் ஏறவேண்டும். பெரிது பெரிதாக வந்தால் விருந்துக்குக் கொடுக்கமாட்டார். பழைய சிவப்புக்கு வேறு மாதிரி மரியாதை. வருஷக்கணக்காகப் படுத்திருக்கிற பாட்டிலில் மண்டி அடியில் படிந்திருக்கும். ஆட்டினால் கலங்கும், கசக்கும், அப்புறம் அது வைனே இல்லை. "தூங்கற புள்ளைடா அது. பக்கத்துல போனாக்கூட மெதுவா நட," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சப்பான்காரன் வந்ததும் கிளப் ஆபீசர் வீடாகிவிட்டது. வைன் அறை அப்படியே இருந்தது. அண்ணனையும் என்னையும் வைத்துக்கொண்டார்கள். ஊரில் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. அதைவிடப் பெரிய பயம் லோரிதான். தோட்டத்திலிருந்தும் தெருவிலிருந்தும் தமிழ் ஆட்களை ஏற்றிச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. சப்பான்காரனிடம் வேலை செய்கிறவன் என்று கைப்பட்டை கட்டியிருந்தால் மட்டும் லோரி விட்டுவிடும்.

முதலில் இருந்த ஆபீசருக்கு வைன் பற்றி ஒன்றும் தெரியாது. இவ்வளவு பாட்டில் தன்னிடம் இருக்கிறது என்ற பெருமைதான். மாணிக்கம் அண்ணன் அவரிடம் போய், ஷாம்பேன் பாட்டில்களைத் தினமும் கால் சுற்று திருப்பவேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும், அதற்கு ஐந்து ஆள் வேண்டும் என்றார். கிளப்பில் அப்படி யாரும் திருப்பியதே கிடையாது. ஷாம்பேனுக்கு அதனால் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. ஆபீசர் தலையாட்டினார். என்னோடு சேர்த்து ஐந்து பேருக்குக் கைப்பட்டை கிடைத்தது. அதில் ஒருவன் காசிம், தெங்கேராவில் துணிக்கடை வைத்திருந்த மரைக்காயர் மகன். புதிதாகக் கல்யாணம் ஆனவன்.

"அண்ணே, நான் இதத் தொட்டேன்னா எங்க வாப்பா வீட்டுல சேக்கமாட்டாரு லா," என்றான்.

"சயாமுக்குப் போயிட்டா மட்டும் எங்கருந்து சேப்பாரு? நீ கண்ணாடியத்தான் தொடுற. உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பு."

காசிம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திருப்பினான். "பெத்த புள்ளையக்கூட இவ்வளவு பதமாத் தூக்கமாட்ட போலிருக்கே," என்று நாங்கள் சிரித்தோம்.

ஆனால் அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதை ஆபீசர் பார்த்துவிட்டார். இதற்கு இரண்டு ஆள் போதும், மற்றவர்கள் கைப்பட்டையைக் கழற்றட்டும் என்றார். அண்ணன் உடனே, சிவப்பையும் திருப்பவேண்டும் துவான், நாளையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற நால்வருக்கும் அது என்ன பேச்சு என்று தெரியாது. அவர்கள் வைனுக்குப் புதியவர்கள்.

ஆபீசர் போன பிறகு தனியாகக் கேட்டேன். "அண்ணே, சிவப்ப அசைக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வெள்ளக்காரன் காலத்துல சொன்னது," என்றார்.

நாங்கள் சிவப்பைத் திருப்பும்போது அவர் அந்த அறைக்கு வரமாட்டார். வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு வேறொரு ஆபீசர் வந்தார். வயதானவர், ஒல்லி, அதிர்ந்து பேசமாட்டார். பிரான்சில் பல வருஷம் இருந்தவர் என்று சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து பெரிய அதிகாரி விருந்துக்கு வருகிறார், வைன் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று எங்கள் எல்லாரையும் நிற்கவைத்தார். ஷாம்பேனில் குறை இல்லை. சிவப்பில் ஒன்றைத் திறந்து ஊற்றினார். வெள்ளைத் தட்டைப் பின்னால் பிடித்தார். முகர்ந்தார். வாயில் புரட்டினார். துப்பினார். எல்லாம் மாணிக்கம் அண்ணன் செய்கிற மாதிரியே. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் அதில் ஒரு வெளிச்சம் வந்து போனது. எத்தனை நாளைக்குப் பிறகு வைன் தெரிந்த ஒருவன் எதிரே நிற்கிறான்!

ஆபீசர் குவளையை அவரிடம் நீட்டி, நீ குடித்துப் பார் என்றார். அண்ணன் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார்.

"கலங்கியிருக்கிறது, துவான்."

"ஏன்?"

திருப்பியது எங்களைக் காப்பாற்றப் போட்ட நாடகம் என்று தெரிந்தால் ஐந்து பேரும் அன்றைக்கே லோரியில்தான். அண்ணன் நிமிர்ந்து நின்று சொன்னார்: "நான்தான் தினமும் திருப்பச் சொன்னேன். ஷாம்பேனைப் போலத்தான் இதுவும் என்று நினைத்துவிட்டேன். எனக்குச் சிவப்பு தெரியாது."

"இத்தனை வருஷம் இங்கே என்ன செய்தாய்?"

"தேர்ந்தெடுத்ததெல்லாம் வெள்ளைக்காரத் துவான்கள். நான் தூக்கிக்கொண்டு போவேன்."

ஆபீசர் அவர் கன்னத்தில் விட்ட அறையின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபீசர் எங்கள் பக்கம் திரும்பினார். "இவர்கள்?"

"நான் சொன்னதைச் செய்தவர்கள். ஒரு பாட்டில்கூட உடைத்ததில்லை."

ஆபீசர் பாட்டில் அடுக்குகளைப் பார்த்தார். பிறகு, எல்லாச் சிவப்பையும் நிமிர்த்தி வைத்து, அசையாமல் காத்து, மண்டி அடங்கியதும் ஒவ்வொன்றாகத் தெளிவாக இறுத்து எடுக்கவேண்டும், ஐந்து பேரும் இங்கேயே இருக்கட்டும், நானே காட்டித் தருகிறேன் என்றார். வைன் தெரிந்தவன் அதைத்தான் சொல்வான். அது மாணிக்கம் அண்ணனுக்குத் தெரியும். சிவப்பு தெரியாதவனுக்கு இனி அங்கே இடமில்லை என்று, யாரும் கேட்குமுன் அவர் தன் கைப்பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். மறுநாள் அவரை லோரியில் ஏற்றினார்கள்.

சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தபோது லெட்சுமி அக்காவுக்கே அடையாளம் தெரியவில்லை. சயாம் காய்ச்சலில் உடம்பு பாதியாகியிருந்தது, நாக்கு செத்துப்போயிருந்தது. கிளப் மறுபடி திறந்தபோது புது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு குவளையில் சிவப்பை ஊற்றி வைத்தார். அண்ணன் நிறம் பார்த்தார், வாயில் வைத்தார், வெகுநேரம் வைத்திருந்தார். நிறத்தை வைத்தே எதையாவது சொல்லி வேலையை வாங்கியிருக்கலாம். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, துவான்," என்றார். வெளியே வந்து, தெங்கேராவில் ஐஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வயதாகும்வரை ஐஸ்தான் அறுத்தார்.

அந்தக் கடையில் வைத்துத்தான் அவரிடம் ஒரு தடவை சண்டை போட்டேன்.

"ஊரே ஒங்களப் பாத்துச் சிரிக்குது. நான் சொல்லப் போறேன்."

"வாயத் தொறக்காதே. காசிமுக்குத் தெரிஞ்சா அவன் என் எதிர்ல உக்காந்து ஒரு கோப்பி நிம்மதியாக் குடிக்கமாட்டான். மத்த மூணு பேரும் அப்படித்தான்."

"அப்ப ஒங்க பேரு?"

"சிரிக்கிறவன் வீட்டுல உக்காந்து சிரிக்கிறான்ல? சிரிக்கட்டும். நான் போனப்புறம் ஒன் இஷ்டம்."

காசிம் கடைசிவரைக்கும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினான். தெரியாமலேதான் அனுப்பினான். அவன் போய்ப் பல வருஷம் ஆகிறது. மற்ற மூவரும் இல்லை. ஐந்து பேரில் நான் ஒருவன்தான் பாக்கி.

எனக்கு வைன் ருசி இன்றுவரை தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்: தன் நாக்கைத் தவிர வேறெதிலும் கர்வம் இல்லாத மனிதர், வைன் தெரிந்த ஒருவனுக்கு எதிரே நின்று, எனக்குச் சிவப்பு தெரியாது என்று சொன்னாரே, அது. என் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சொல்லுக்குப் பிறகு பிறந்தவர்கள்.